தேராது தெளிதல்

ஒருவன் நம்பியது மெய்யாய் முடியின், அவன் அதனை அறிந்தவன் ஆவானா? அறிவாராய்ச்சியின் தலைவாயிலில் நிற்கும் வினா இது.

மணிமேகலையின் 27ஆம் காதையைக் கதைச்சுவை குன்றியதென்று பலர் தாண்டிச் செல்வர். இவ்வினாவுக்கு அக்காதையே தக்க தொடக்கமாகும். அங்கே அளவைவாதி பத்து அளவைகளைக் கூறியபின், அளவைபோலத் தோன்றி அளவையாகாதன எட்டினையும் கூறுகின்றான். இப்பியை வெள்ளியெனக் கொள்ளுதல் திரியக்கோடல். தறியோ ஆளோ எனத் துணியாது நிற்றல் ஐயம். அதே தறியை ஆராயாமலே ஆளென்று துணிதல் தேராது தெளிதல்.

திரியக்கோடலிலும் தேராது தெளிதலிலும் முடிவு பொய்யே. ஆயின் இரண்டாக வகுத்தது எற்றுக்கு? பின்னதிற் குற்றம் முடிவிலன்று. ஐயத்தில் நின்று ஆராய வேண்டியவன் அதனைத் தாண்டிக் குதித்த முறையிலே உள்ளது. பெயரே இதனை உணர்த்தும். ஆனாற் சாத்தனார் காட்டிய உதாரணம் இந்நுட்பத்தை மறைத்துவிடுகின்றது. வெளியில் நின்றது தறியன்றி உண்மையில் ஆளாகவே இருந்திருப்பின்? துணிந்தவன் கூற்று மெய்யாகும். அவனோ அறிந்தவன் ஆகான். விடை சரியென்றதும் வழியைப் பாராது புள்ளியிடும் பரீட்சகர் இதனைச் சிந்திப்பாராக.

பிளேட்டோ இந்நிலையைத் ‘தியாதேட்டஸ்’ என்னும் உரையாடலிற் காட்டினார். நேரிற் கண்டவரே அறியக்கூடிய ஒன்றில், பேச்சு வன்மையால் இணங்கிச் சரியாகத் தீர்ப்பளிக்கும் நடுவரிடம் மெய்யெண்ணம் உண்டு, அறிவில்லை.

அங்ஙனமாயின் மெய்யான நம்பிக்கையோடு தக்க காரணமும் சேர்ந்தால் அறிவாகுமெனலாமோ? அதுவும் எளிதன்று. மூடுபனியைப் புகையென மயங்கி மலையிலே தீயுண்டென்று ஒருவன் அனுமானிக்கின்றான். தற்செயலாக அங்கே தீயும் இருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டினரான ஸ்ரீஹர்ஷர், நியாய நூலார் அறிவுக்கு வகுத்த இலக்கணங்களை இத்தகைய உதாரணங்களாலே தாக்கினார். மேனாட்டிலே எட்மண்ட் கெட்டியர் 1963இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை இவ்வினத்துத் தடையையே எழுப்பிப் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

பனியைப் புகையென்றவன் காரணமின்றித் துணிந்தவனல்லன். அவன் கொண்ட காரணமே திரியக்கோடல். வேர் பொய், கனி மெய். மணிமேகலை குற்றங்களைத் தனித்தனியே பெயரிட்டதன்றி, ஒரு குற்றத்தின்மேல் மெய்யான முடிவு எழுவதை ஆராயவில்லை. அது குறையே. ஆயினும் அதனை ஆராய்வதற்கு வேண்டிய தமிழ்ச் சொற்கள் அக்காதையிலேயே ஆயத்தமாக உள்ளன.