சிலம்பும் பரலும்

மொழியேயன்றி, மாந்தர் நாளும் கையாளும் அணியும் ஆடையும் கலனும் நிறமும் குறிகளாய் நின்று பொருள் உணர்த்தும் என்பது குறியியலார் கொள்கை. சுவிட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் சசூர் நிகழ்த்திய விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1916-இல் நூலாக வெளிவந்தன. குறிகளை ஆராயும் தனித்துறை ஒன்று தோன்றுதல் வேண்டும் என்னும் கருத்து அதன்கண் உள்ளது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலண் பார்த் 1957-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், மதுவும் மற்போரும் சலவைத்தூளும் விளையாட்டுப் பொம்மையும் தத்தம் பயனுக்கு மேலாகச் சமுதாயக் கருத்துகளைச் சுமந்து நிற்குமாற்றை விளக்கினார்.

இக்கொள்கை தமிழாய்வினுள் புகுந்தபின் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. வெண்மை தூய்மையைக் குறிக்கும். செம்மை சினத்தைக் குறிக்கும். கருமை துயரைக் குறிக்கும் என ஒரு பட்டியலை வகுத்துக்கொண்டு, நூலில் வரும் நிறச்சொற்களை எல்லாம் அதன்கண் அடைத்துவிடும் வழக்கமே அது. பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் இதனைக் காண்கிறோம். இஃது அகராதித் தொழிலேயன்றிக் குறியியல் ஆகாது என்பது எம் கருத்து. சசூரின் கொள்கைக்கு உயிராயது, குறி தனித்து நின்று பொருள் தாராது, பிறிதொன்றினின்றும் வேறுபட்டு நிற்றலானேயே பொருள் பெறும் என்பதன்றோ? அவ்வேறுபாட்டை விடுத்து நிறத்தை மட்டும் கொள்வார் அவர் பெயரைக் கொண்டு அவர் கொள்கையைக் கைவிட்டவராவர்.

செம்மை என்னும் சொல்லையே காண்க. செந்நெல் என்புழி அது நிறம். வெண்ணெல் என்பது எதிர்நிற்றலின் அப்பொருள் போதருகின்றது. செங்கோல் என்புழியோ நிறம் இல்லை. கொடுங்கோல் எதிர்நிற்றலின் வளையாமை என்பதே பொருள். செந்தமிழ், கொடுந்தமிழ் என்பனவும் அன்ன. அடைமொழி ஒன்றே, அதன் இணை மாறப் பொருளும் மாறுகின்றது. பட்டியல் வழிச் செல்வார் பாண்டியன் கோலைச் சிவந்த கோலெனக் கொண்டு, அதன்கண் சினத்தையும் காணக்கூடும்.

நிறத்திற்குச் சொல்லியது பொருளுக்கும் ஒக்கும். சிலப்பதிகாரத்துச் சிலம்பு இதற்குத் தக்க சான்று. சங்க அகப்பாடல்களில், மணத்திற்குமுன் மகளின் சிலம்பைக் கழிக்கும் சடங்கு பேசப்படுகின்றது; ஐங்குறுநூற்று 399-ஆம் பாட்டு அதனைக் குறிக்கின்றது. ஆண்டுச் சிலம்பு கன்னிமைக்குக் குறி. இளங்கோவடிகளோ அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கணவனைப் பிரிந்த கண்ணகியின் அடிகள் சிலம்பின்றி இருந்தன என்கிறார். ஈண்டுச் சிலம்பு இல்லாமை பிரிவுக்குக் குறி. ஆகவே சிலம்பணிந்திருத்தல் கணவனுடன் கூடிய வாழ்வுக்குக் குறியாகின்றது. சிலம்பிற்கு நிலையான பொருள் ஒன்று உண்டெனக் கொள்வார் இவ்விரண்டனுள் ஒன்றைக் கைவிடல் வேண்டும்.

கோவலன் பொருளிழந்து மீண்டபோது அதே சிலம்பு வாணிக முதலாகின்றது. மதுரைக் கடைத்தெருவில் அதன் பொருள் மீண்டும் திரிகின்றது. அரசன் தேவிக்கு ஏற்ற காலணி ஒன்றனை விலைமதிக்க இயலுமோ எனப் பொற்கொல்லனைக் கோவலன் வினவுகின்றான். அவன் கருதியது பொருளின் உயர்வு. முன்னரே தேவியின் சிலம்பைக் களவாடி வைத்திருந்த கொல்லனுக்கோ, தேவிக்கு ஏற்றது என்பது தேவியுடையது எனக் காட்டுதற்கு வாய்ப்பாயிற்று. குறி உண்மை கூறவும் பயன்படும், பொய் கூறவும் பயன்படும். பொய்க்குப் பயன்படுதலே குறியின் இலக்கணம் எனத் துணிந்தார் இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ, 1976-இல் வெளிவந்த தம் நூலில். கொலைக்களக் காதையை அவர் கற்றிருப்பின் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அவருக்குக் கிடைத்திராது.

அக்காதையில் மற்றொரு பகுதி போதிய கருத்தினைப் பெறவில்லை. கோவலனைக் கண்ட காவலருள் சிலர், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வன் தோற்றம் அன்று என்றனர். அவர்கள் உடலைக் குறியாகக் கொண்டு படித்தனர்; சரியாகவே படித்தனர். கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவு நூலின் எட்டினை அடுக்கிக் கூறுகின்றான். நல்ல தோற்றமே கள்வனின் தந்திரம் என்றாகிவிடுகின்றது. நேரிற் கண்ட குறியை நூல்வழிப் பட்டியல் வென்ற இடம் இது. நிறப்பட்டியல் வகுப்பார் இக்கொல்லனைச் சற்றே நினைத்தல் நன்று.

இனி வழக்குரை காதை. இரு சிலம்பும் புறத்தே ஒத்தன; வேறுபாடு உள்ளே உள்ளது. தேவியின் சிலம்பிற் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற் பரல் மாணிக்கம். முத்து வெண்மையாதலின் அரசியின் தூய்மைக்கும், மாணிக்கம் செம்மையாதலின் கண்ணகியின் சினத்திற்கும் குறி என்பாருளர். முத்து கொற்கையை நினைவூட்டலின் பாண்டியர்க்கு உரித்து என்பதாவது பொருந்தும். ஆயின் வழக்கினை முடிப்பது இவற்றுள் எதுவுமன்று. முத்து எனப் பாண்டியன் கூறியபின்னரே மாணிக்கம் பொருளுடையதாகின்றது. அவன் சிலம்பிலும் மாணிக்கமே இருந்திருப்பின், அதே செம்மை ஒன்றனையும் உணர்த்தாது ஒழிந்திருக்கும்.

கண்ணகி உடைத்தது தன் கையிலிருந்த சிலம்பு எனப் பலர் எழுதிவருகின்றனர். நூல் கூறுவது அதுவன்று. கோவலனிடம் கைக்கொண்ட சிலம்பை அரசன் கொணர்வித்து முன்வைக்க, அதனையே அவள் உடைத்தாள். இவ்வேறுபாடு சிறிதன்று. கையிலுள்ளதை உடைப்பின் அவளுடைய சிலம்பில் மாணிக்கம் உண்டு என்பது மட்டுமே தெளியும். முன்வைத்ததை உடைத்தமையால் அஃது அரசியுடையதன்று என்பது தெளிந்தது.

ஈண்டுச் சசூரின் கொள்கை மட்டும் போதாது என்பதையும் கூறுதல் வேண்டும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையன்று, வழக்கால் அமைவது என்பது அவர் துணிபு. சொற்பொருட் காரணம் வெளிப்படத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறியதும் அதற்கு அணித்தே. உடைந்த சிலம்பினின்றும் தெறித்த மணியோ வழக்கால் அமைந்த குறியன்று. புகை தீயைக் காட்டுதல் போலப் பொருளோடு ஒட்டியே நிற்பது அது. அமெரிக்க மெய்யியலார் பியர்சு இத்தகையதைச் சுட்டுக்குறி எனப் பிரித்துணர்ந்தார். மதுரையில் வழக்குக்குறிகள் யாவும் பொய்த்தபின், சுட்டுக்குறி ஒன்றே கண்ணகிக்கு எஞ்சியது.

மணி தெறித்தபின் குடையும் கோலும் தம் பொருளை இழக்கின்றன. அரசன் தன்னை அரசன் அல்லன் என்கிறான். கள்வன் தானே என்கிறான். அன்று காலை கோவலன்மேல் ஏற்றப்பெற்ற சொல், அணியொன்று உடைந்த அளவில், அரியணைமேல் வந்தமைகின்றது. மணிமேகலையில் ஆபுத்திரனிடமிருந்து வந்த அமுதசுரபி, பிச்சைக்கலனாகவும் அறக்கலனாகவும் மாறிமாறி நிற்குமாறும் இம்முறையில் ஆராய்தற்குரியது. அதனைப் பிறிதொரு கட்டுரையிற் காண்பாம்.