பெஷியின் இரண்டு குரல்கள்

டாமி டிவிட்டோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். மேசையைச் சுற்றியிருக்கும் கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிப்பினூடே ஹென்றி ஹில், “வேடிக்கையான ஆள்தான் நீ” என்கிறான். பாராட்டாகச் சொன்ன சொல். டாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். எந்த வகையில் வேடிக்கை? என் பேச்சா, நானேவா? உன்னைச் சிரிக்க வைக்க நான் என்ன கோமாளியா? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு சின்ன இடைவெளி விடுகிறான். ஒவ்வொரு இடைவெளியிலும் மேசையில் இருந்த சிரிப்பு வற்றிக்கொண்டே போகிறது. கடைசியில் எல்லாம் விளையாட்டுக்கு என்று தெரிந்து எல்லோரும் மறுபடி சிரிக்கிறார்கள். இந்த இரண்டாவது சிரிப்பு உயிர் பிழைத்தவர்களின் சிரிப்பு.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) படத்தில் ஜோ பெஷி நடித்த இந்தக் காட்சி முதலில் திரைக்கதையில் இல்லை. இளவயதில் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தபோது, ஒரு தாதாவை இப்படிப் பாராட்டப்போய் மாட்டிக்கொண்ட கதையை இயக்குநரிடம் பெஷி சொல்லியிருந்தார். ஒத்திகையில் பேசிப் பேசி அதைக் காட்சியாக்கினார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த துணை நடிகர்களுக்கு முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. க்ளோசப் பக்கமே போகாமல் ஸ்கார்செஸி அதைப் படமாக்கியதற்குக் காரணம் உண்டு. பெஷியின் முகம் மட்டுமல்ல, பக்கத்து நாற்காலிக்காரர்களின் முகமும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். காட்சியின் பயம் அந்த முகங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த நடிப்புக்கு 1991-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் ஐந்தே ஆங்கிலச் சொற்களில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார் பெஷி. விருது நியாயமானது. ஆனால் அந்தப் படத்தின் தீமை டாமிதான் என்று அன்றிலிருந்து பலரும் பேசி வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. டாமி தீமையின் கூலியாள். முதலாளியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஸ்பைடர் என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டாட்ட மேசைக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுக்கும் எடுபிடி. முதலில் டாமி அவனைக் காலில் சுடுகிறான். பிறிதொரு நாள் கட்டுப்போட்ட காலோடு வந்த பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட, அங்கேயே சுட்டுக் கொன்றுவிடுகிறான். அப்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கோபப்படுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் பிணத்தை யார் புதைப்பது, குழியை யார் தோண்டுவது என்பது பற்றியது. வீட்டில் யாரோ பாலைக் கொட்டிவிட்டால் வருமே, அந்த அளவு எரிச்சல்.

இதற்காக டாமிக்குத் தண்டனை ஏதும் இல்லை. பின்னால் அவன் கொல்லப்படுவது பில்லி பேட்ஸைக் கொன்றதற்காக. பேட்ஸ், மாஃபியா ‘குடும்பத்தில்’ முறைப்படி சேர்க்கப்பட்ட ஆள். மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர்மேல் கை வைக்கக் கூடாது. உன்னையும் முறைப்படி சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி நல்ல உடை உடுத்தி வரச்செய்து, வெற்று அறைக்குள் அழைத்துப் போய்ப் பின்தலையில் சுடுகிறார்கள். ஆக, இந்தக் கூட்டத்துக்குச் சட்டம் உண்டு. கறாரான சட்டம். அது பதவியையும் வருமானத்தையும் காக்கிறது. எடுபிடிப் பையனின் உயிர் அதன் எந்தப் பிரிவிலும் வராது. அமைப்பாகத் திரண்ட குற்றத்தின் தீமையை ஸ்கார்செஸி இந்த இரண்டு மரணங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் வைத்திருக்கிறார். யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை.

பெஷியை இந்த வேடத்துக்குப் போட்டதே துணிச்சல். நிஜ வாழ்க்கையில் இருந்த டாமி டிசிமோன் இருபதுகளில் இருந்த, வாட்டசாட்டமான இளைஞன். பெஷியோ நாற்பத்தைந்தைத் தாண்டியவர், குள்ளமானவர். ஆனால் அந்தக் குள்ளம்தான் கைகொடுத்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய பதற்றம் அவர் தோளிலும் கழுத்திலும் தெரிகிறது. பதற்றப்படுகிறவன் மேலிடத்து ஆளாக இருக்க முடியாது. அதே படத்தில் பால் சிசெரோவாக வரும் பால் சொர்வினோவைப் பாருங்கள். அடுப்பில் சாசேஜ் வாட்டுகிறார், மெல்ல நடக்கிறார், தொலைபேசியில் பேசுவதைக்கூடத் தவிர்க்கிறார். எவனுக்காகவும் அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

ஸ்கார்செஸியும் பெஷியும் மீண்டும் சேர்ந்த ‘கேசினோ’ (1995) இதை இன்னும் வெளிச்சமாகக் காட்டுகிறது. லாஸ் வேகாஸில் நிக்கி சான்டோரோ ஒருவனின் தலையைப் பட்டறைப் பிடியில் மாட்டி நசுக்குகிறான். அதே நிக்கி இரவெல்லாம் எங்கே அலைந்தாலும் விடியும்போது வீட்டுக்குப் போய் மகனுக்குக் காலை உணவு சமைத்துக் கொடுக்கிறான். திரையரங்கில் மக்கள் முகத்தை மூடிக்கொள்வது பட்டறைக் காட்சியில். எனக்கு நடுக்கம் தருவது அதன்பின் வரும் வேறொரு காட்சி. வழக்கில் சிக்கிய கிழட்டுத் தலைவர்கள் கூடி, தங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியவர்கள் யார் யார் என்று பேசுகிறார்கள். ஒருவரின் பெயர் வருகிறது. நல்ல மனிதர், வாய் திறக்க மாட்டார் என்று ஆளாளுக்குச் சான்று கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர், எதற்கு வம்பு என்ற பொருள்பட ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். தீர்ந்தது. பகை கிடையாது, குரல் உயரவில்லை. வரவு செலவு பார்த்து ஒரு வரியை அடிப்பதுபோல அந்த மனிதரை அடித்துவிட்டார்கள்.

அந்தக் கிழவரின் நாற்காலியில் பெஷியே உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதற்கு விடையாக ஸ்கார்செஸியின் ‘தி ஐரிஷ்மேன்’ வர 24 ஆண்டுகள் ஆயின. கிட்டத்தட்ட ஓய்வுபெற்றுவிட்ட பெஷி, திரும்பத் திரும்ப மறுத்துவிட்டுத்தான் 2019-ல் ரஸ்ஸல் புஃபலினோவாக வந்தார். வேகப்பந்தில் ஸ்டம்பைச் சிதறடித்துப் பேர் வாங்கிய ஒருவர், பல வருடம் கழித்து அதே மைதானத்தில் இரண்டடி ஓடி வந்து சுழற்பந்து போட்டு ஆட்டத்தை முடித்ததைப் போல இருந்தது. 209 நிமிடப் படத்தில் அவர் குரலை உயர்த்தும் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ரஸ்ஸல் அறிமுகமாகும் இடம் ஒரு பெட்ரோல் நிலையம். ராபர்ட் டி நீரோ நடிக்கும் ஃபிராங்க் ஷீரனின் லாரி நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, என்ஜினை எட்டிப் பார்த்து, கோளாறு எங்கே என்று சொல்லிவிட்டுப் போகிறார். கருணையான மாமா ஒருவரைப் போல இருக்கிறார். இந்தக் கருணை நடிப்பு என்று பெஷி ஓரிடத்திலும் கண் சிமிட்டிக் காட்டவில்லை. அவர் செய்திருக்கும் பெரிய காரியம் அதுதான். வேறொரு நடிகராக இருந்தால் உதட்டோரத்தில் ஒரு கோணல் சிரிப்பை வைத்து, “நான் யார் தெரியுமா” என்று நமக்குச் சைகை காட்டியிருப்பார். ரஸ்ஸலுக்கு ஃபிராங்க் மேல் உள்ள பாசம் முழுக்க உண்மை. இருவரும் ரொட்டியைப் பிய்த்து ஒயினில் தோய்த்துத் தின்னும்போது பெஷியின் முகத்தில் தெரிவது ஒரு தகப்பனின் திருப்தி. ஒரு நள்ளிரவில் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீடு திரும்புகிறார். மனைவி கேரி அந்தத் துணிகளை வாங்கிக்கொள்கிறாள். மழையில் நனைந்து வந்த கணவனிடம் பேசும் அதே குரலில்தான் அங்கே பேச்சு நடக்கிறது.

படத்தின் உச்சம் 1975 ஜூலை. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜிம்மி ஹோஃபா அந்த மாதம் 30-ந் தேதி டெட்ராய்ட் அருகே ஓர் உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான் என்று ஷீரன் சொன்னதை வைத்து எழுதப்பட்ட புத்தகமே படத்துக்கு மூலம். அந்த வாக்குமூலத்தைப் பத்திரிகையாளர்களும் புலனாய்வு அதிகாரிகளும் பலமாக மறுத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். வரலாறாக இதை நம்பத் தேவையில்லை. நட்பைக் கொண்டே நண்பனைக் கொல்லவைப்பது எப்படி என்பதைக் காட்டும் படமாக இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு படம் தெரியவில்லை.

காலை உணவு மேசையில் ரஸ்ஸல் விஷயத்தைச் சொல்கிறார். ஹோஃபாவுக்கு நம்மால் ஆனதையெல்லாம் செய்துவிட்டோம். விமானம் காத்திருக்கிறது, நீ போக வேண்டும். ஃபிராங்குக்கு ஹோஃபா உயிர் நண்பர் என்பது ரஸ்ஸலுக்குத் தெரியும். உன்னை இதற்குள் இழுக்காவிட்டால் இதை நடக்கவே விட மாட்டாய், அதனால்தான் என்று விளக்கமும் தருகிறார். மிரட்டலே இல்லை. பிள்ளைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும் பெரியவரின் வருத்தம் பெஷியின் கண்ணில் இருக்கிறது. எதிரே டி நீரோவுக்கு வசனம் மிகக் குறைவு. தலை லேசாகக் குனிகிறது, வாய் அசைந்து நின்றுவிடுகிறது. டாமி துப்பாக்கியைக் காட்டிச் சாதித்ததைவிடப் பெரிய காரியத்தை ரஸ்ஸல் பாசத்தைக் காட்டிச் சாதித்துவிட்டார். அன்று ஃபிராங்க் கேட்டது ஏறத்தாழ இருபது வருடம் சோறு போட்டு வளர்த்த குரல். அதற்கு மறுப்புச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

டி நீரோவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘குட்ஃபெல்லாஸ்’, ‘ஐரிஷ்மேன்’ இரண்டிலும் அவருக்கு ஒவ்வொரு தொலைபேசிக் காட்சி இருக்கிறது. ‘குட்ஃபெல்லாஸி’ல் ஜிம்மி கான்வே, டாமி செத்த செய்தியைத் தொலைபேசிக் கூண்டில் கேட்கிறான். ரிசீவரை ஓங்கி ஓங்கி அடிக்கிறான், கூண்டையே உதைத்துச் சாய்க்கிறான், அழுகிறான். 1978 டிசம்பரில் கென்னடி விமான நிலையத்தின் லுஃப்தான்சா கிடங்கில் ஏறக்குறைய 60 லட்சம் டாலர் மதிப்புள்ள பணமும் நகையும் கொள்ளை போன பிறகு, கூட்டாளிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டியவனும் இதே ஜிம்மிதான். மதுக்கூடத்தில் சிகரெட்டை இழுத்தபடி அவன் ஒருவனைப் பார்க்கும் ஷாட் ஒன்று உண்டு. கேமரா மெல்ல நெருங்குகிறது. வசனம் கிடையாது. கொன்றுவிடலாம் என்ற முடிவு அந்தக் கண்ணுக்குள் பிறப்பதை நாம் பார்க்கிறோம். டாமிக்காக அழுததும் இதே கண்தான். இரண்டுமே நிஜம்.

‘ஐரிஷ்மேனி’ல் ஃபிராங்க், ஹோஃபாவின் மனைவி ஜோவுக்குப் போன் செய்கிறான். ஆறுதல் சொல்ல வேண்டும். கொன்றவனே ஆறுதல் சொல்ல வேண்டும். டி நீரோ வாக்கியங்களைத் தொடங்குகிறார், எதையும் முடிக்க முடியவில்லை. நம்பிக்கையை விடாதே, வந்துவிடுவார் என்ற அர்த்தத்தில் ஏதோ உளறுகிறார். ஜிம்மிக்குக் கூண்டை உதைக்கக் கோபமாவது இருந்தது. ஃபிராங்குக்கு அதுவும் இல்லை. அரை நூற்றாண்டு நடிப்பில் டி நீரோ இவ்வளவு நிராயுதபாணியாக நின்ற இடங்கள் அதிகம் இல்லை. அந்த வருட ஆஸ்கரில் படத்துக்குப் பத்துப் பரிந்துரைகள் வந்தும் டி நீரோ பெயர் நடிகர் பட்டியலில் இடம்பெறவில்லை. பத்தில் ஒன்றுகூட விருதாகவும் ஆகவில்லை. இன்றும் எனக்கு ஆறாத விஷயம் அது.

ஜோவுக்கு ஏன் இன்னும் போன் செய்யவில்லை என்று முதலில் கேட்டது ஃபிராங்கின் மகள் பெக்கி. வளர்ந்த பெக்கியாக வரும் அன்னா பாக்வினுக்கு ஏறக்குறைய வசனமே கொடுக்கவில்லை என்று படம் வந்தபோது பெரிய குறை சொன்னார்கள். நான் அதில் சேரவில்லை. சிறுமியாக இருந்தபோது, தன்னைத் தள்ளிவிட்ட மளிகைக்காரரை அப்பா நடுத்தெருவில் போட்டுக் கையை மிதித்து நொறுக்கியதை நின்று பார்த்தவள் அவள். ரஸ்ஸல் கிறிஸ்துமஸுக்குப் பனிச்சறுக்குக் காலணியும் பணமும் தருகிறார், அவளிடம் ஒரு புன்னகைக்காக ஏங்குகிறார். கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைப் பெஷி எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்! ஊரே அஞ்சும் மனிதருக்கு ஒரு குழந்தையின் விலகல் உண்மையாகவே வலிக்கிறது. அவள் ஏன் விலகுகிறாள் என்பது மட்டும் அவருக்குப் புரிவதில்லை, அல்லது புரிந்துகொள்ள அவர் அனுமதிப்பதில்லை. பெக்கி பேசியிருந்தால் ஃபிராங்க் பதில் சொல்லியிருப்பான், குடும்பத்துக்காகச் செய்தேன் என்றிருப்பான். அவளுடைய மௌனம் அந்தப் பதிலுக்கு இடமே கொடுக்கவில்லை.

ரஸ்ஸலின் கடைசிக் காட்சி சிறையில். பக்கவாதம், சக்கர நாற்காலி, பல் போன வாய். ஒயினுக்குப் பதிலாகத் திராட்சைச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தின்கிறார். அப்போது ஹோஃபாவின் பேச்சை அவரே எடுக்கிறார். நல்ல மனிதர், நல்ல குடும்பம், அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்கிறார். இதோ மனம் இளகுகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும் கணத்தில், அவனா நாமா என்று வந்தபோது நம்மைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லி, ஒரு வசைச்சொல்லால் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் தேவாலயத்துக்குக் கிளம்புகிறார். வருத்தத்துக்கும் வசைக்கும் நடுவே பெஷி மூச்சுக்கூட விடவில்லை. ஒரே மூச்சில் இரண்டும் வருகின்றன. டாமியாக நடித்தபோது ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இடைவெளி விட்டு நம்மைப் பயமுறுத்தியவர், இங்கே இடைவெளியே விடாமல் அதைச் செய்கிறார். ரஸ்ஸலுக்குள் அந்த இரண்டுக்கும் சண்டை இல்லை. ஹோஃபாவை நல்ல மனிதர் என்று அவர் சொன்னதும் உண்மை, கொல்லச் சொன்னதில் அவருக்குச் சந்தேகம் இல்லை என்பதும் உண்மை.