பனாட்டும் வெற்றிடப் பையும்
பறித்த பின்பும் பழம் மூச்சுவிடுவதால், காற்றை உறிஞ்சி மூடும் வெற்றிடப் பையில் அது உயிர்வளியின்றி நொதித்துச் சாராய வாடை பெறுகிறது. ஆகவே அம்முறை உலர்ந்த பழத்துக்கே கூடுதலாகப் பொருந்தும். எடுத்துக்காட்டாக, உப்புவெளி போன்ற கரையோரங்களில் வளரும் பனையின் பழத்தைப் பிசைந்து வடித்த பனங்களியைப் பாயில் மெல்லிதாகப் பூசி, ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் மறுபடையிட்டுப் பல நாள் வெயிலில் உலர்த்தினால், நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீர் வெளியேறி, சர்க்கரை செறிந்து, தோல்போலத் துவளும் பனாட்டு கிடைக்கிறது. துண்டாக்கிப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப்பனாட்டு. களியின் இயல்பான கசப்பு இரண்டிலும் சற்றே எஞ்சுவது குறையன்று. அதுவே சுவையின் முதுகெலும்பு எனலாம். பாதுகாப்பின் பெரும்பகுதியை வெயிலே முடித்துவிடுவதால், கடற்காற்றின் ஈரத்தை அண்டவிடாமல் தடுப்பதே இங்கு வெற்றிடப் பைக்குரிய பணி.