கலைக்குப் பாதிப் புள்ளி ஒதுக்கினால் போதுமா?

பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், கட்டுரைப் போட்டி என ஏதாவது ஒன்றில் நம்மில் பலரும் நீதிபதியாக உட்கார்ந்திருப்போம். கையில் ஒரு புள்ளித்தாள் இருக்கும். கருத்துக்கு இவ்வளவு, உச்சரிப்புக்கு இவ்வளவு, படைக்கும் பாங்குக்கு இவ்வளவு. கூட்டினால் 100 வந்துவிடும். தாள் சமநிலையாக இருக்கிறது என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம். அந்த நிம்மதி சரிதானா?

இதே கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு: ஃபிகர் ஸ்கேட்டிங். பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி, தாவி, சுழல வேண்டும். நமக்கெல்லாம் ரொம்ப தூரத்து விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் பிரிவுத் தங்கம் நம் நாட்டு ஜூலியன் யீக்குத்தான். மறு ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் குறுஞ்சுற்றில் 73.58 புள்ளி பெற்று 25ஆவது இடத்தில் நின்றார். நீள்சுற்றுக்குப் போனவர்கள் 24 பேர். ஒரே ஓர் இடம்!

முன்பு இவ்விளையாட்டில் நீதிபதிகள் 6.0க்குள் இரண்டே எண்களைப் போட்டார்கள்: ஒன்று நுட்பத்துக்கு, மற்றொன்று கலைக்கு. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இணையர் பிரிவில் தீர்ப்பு குறித்துப் பெரிய சர்ச்சை வெடித்து, கனடா இணைக்கும் இன்னொரு தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு, 2004இல் அனைத்துலகச் சங்கம் புதிய முறையை ஏற்றது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. அதன் தரத்தைப் பார்த்து நீதிபதிகள் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கலைப் பக்கம் ஐந்து கூறுகள், ஒவ்வொன்றும் 10க்கு. ஆண்கள் நீள்சுற்றில் அந்தக் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கி, உச்சம் 100 ஆக்கினார்கள். இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்பதே எண்ணம்.

காகிதத்தில் எல்லாம் அழகுதான். நடந்தது என்ன? 2010 வான்கூவர் ஒலிம்பிக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் இவான் லைசாசெக் 257.67, ரஷ்யாவின் யெவ்கெனி புளுஷென்கோ 256.36. நான்கு சுற்றுத் தாவல் செய்தவர் தோற்றார், செய்யாதவர் வென்றார் என்று உலகமே வாதாடியது. கலை நுட்பத்தை வென்றுவிட்டது என்று கூடச் சிலர் மகிழ்ந்தார்கள். ஆனால் நீள்சுற்றுப் புள்ளித்தாளைப் பாருங்கள்: கலைப் பக்கம் இருவருக்கும் 82.80. அட்சரம் பிசகாமல் ஒரே எண்! அந்தச் சுற்றில் இருவரையும் பிரித்தது நுட்பப் புள்ளி மட்டுமே: 84.57க்கு 82.71. பாதி இடம் ஒதுக்கப்பட்ட கலை அன்று எதையும் தீர்மானிக்கவில்லை.

இதுதான் என் விமர்சனத்தின் மையம். ஒரு பிரிவுக்கு எத்தனை புள்ளி ஒதுக்கினோம் என்பதில் அதன் எடை இல்லை. அந்தப் பிரிவு போட்டியாளர்களை எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. கலைக்கு 100 என்று கூரை போட்டாயிற்று. நுட்பத்துக்குக் கூரை இல்லை. 2018இல் நேதன் சென் ஒரே நீள்சுற்றில் ஆறு நான்கு சுற்றுத் தாவல்கள் செய்து 127.64 நுட்பப் புள்ளி எடுத்தார். கலைப் புள்ளி 87.44. கடினமான தாவல்களைக் கூட்டக் கூட்ட ஒரு தட்டு ஏறிக்கொண்டே போகும். மற்றத் தட்டு அங்கேயே நிற்கும்.

எதற்குப் புள்ளி உறுதியோ அதன் பின்னால்தான் பயிற்சியும் ஓடும். நிகழ்ச்சியின் பிற்பாதியில் தாவினால் 10 விழுக்காடு கூடுதல் என்றிருந்த காலத்தில், அலினா ஸாகிடோவா தம் தாவல்கள் அனைத்தையும் பிற்பாதியில் அடுக்கி 2018இல் தங்கம் வென்றார். விதிப்படி அதில் தவறே இல்லை. பிறகு சங்கம் அந்தச் சலுகையைக் கடைசிச் சில தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கியது; நான்கு சுற்றுத் தாவல்களின் மதிப்பையும் குறைத்தது. 2022இல் ஐந்து கலைக்கூறுகளை மூன்றாக்கியது. சங்கம் சும்மா இருக்கவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் கிடைத்த புள்ளியை வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுப்பதும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம். ஆனாலும் தாவலின் தரத்தை அளக்கும் அதே நீதிபதிகள்தாம் கலையையும் அளக்கிறார்கள். கண்முன் ஒருவர் விழுந்து எழுந்தால், இசையோடு அவர் இசைந்ததைத் தனியே நினைவில் வைப்பது யாருக்குத்தான் எளிது?

இனி நம் தாளுக்கு வருவோம். படைப்புக்கு 40, உச்சரிப்புக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். படைப்பில் பத்துப் பேருக்கும் 30 முதல் 32 வரை போட்டுவிட்டோம். உச்சரிப்பில் ல, ள, ழ பிழைகளை எண்ணி எண்ணி 8 முதல் 18 வரை போட்டோம். வெற்றியை முடிவு செய்தது எது? அந்த 20தான். விளைவு? யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து பிசகில்லாமல் கொட்டும் மாணவன் மேடை ஏறுகிறான். சொந்தமாகச் சிந்தித்து, இரண்டு இடத்தில் தடுமாறிய மாணவி கீழே இறங்குகிறாள். அடுத்த ஆண்டு அவளும் மனப்பாடத்துக்கு மாறிவிடுவாள். உச்சரிப்பு முக்கியம் இல்லை என்று சொல்லவரவில்லை. அதற்கு நாம் எழுதிவைத்த எடையைவிட அதிக எடை, நமக்கே தெரியாமல் போய்ச் சேருகிறது என்கிறேன்.

மூன்று காரியங்கள் செய்து பார்க்கலாம்:

1. முடிவை அறிவிக்கும் முன் ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்த புள்ளி, தாழ்ந்த புள்ளி இரண்டையும் பாருங்கள். இடைவெளி ஒன்றிரண்டுதான் என்றால், பேச்சுகள் உண்மையிலேயே சமமா, நாம் தயங்கிப் போட்டோமா என்று நீதிபதிகள் பேசிக்கொள்ளுங்கள்.

2. மூவர் இருந்தால் ஒருவர் மொழிப்பிழையை மட்டும் கவனிக்கட்டும். மற்ற இருவர் கருத்தையும் படைப்பையும் பார்க்கட்டும். கட்டுரையைத் தனியாகத் திருத்துபவர் முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவை எடுக்காமல் கருத்துக்கும் நடைக்கும் புள்ளி போட்டுவிடலாம்.

3. “சிறப்பு”, “நன்று” என்று மட்டும் எழுதாமல், காதில் கேட்கக்கூடிய அடையாளத்தை எழுதுங்கள். “பொருளுக்கேற்ற இடத்தில் நிறுத்துகிறார்”, “தம் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றாவது தருகிறார்” என்பதைப் போல.

அடுத்த போட்டிக்குத் தாள் தயாரிக்கும்போது விகிதத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன், சென்ற ஆண்டுத் தாள்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். யார் வென்றார் என்பதை எந்தப் பிரிவு முடிவு செய்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.