பறக்கும் தகுதி

உருவம், உள்ளடக்கம் என்ற பழைய சச்சரவை நம் பத்திரிகைகள் கவிதையையும் சிறுகதையையும் வைத்தே நடத்தி வந்திருக்கின்றன. கவிதையில் அது தீராது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவன் கையில் கடைசியில் ஒரு பொழிப்புரைதான் மிஞ்சுகிறது. ஆனால் இரண்டும் நிஜமாகவே பிரிக்கப்பட்டு, பிரித்ததற்குக் கணக்கும் கையெழுத்தும் உள்ள ஒரு காரியம் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. ஒரு பழைய குண்டுவீச்சு ஜெட் விமானத்தை அங்கே திரும்பவும் பறக்க வைத்தார்கள். விமானத்துக்கும் இலக்கியப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

விமானத்தின் பெயர் ஆவ்ரோ வல்கன். 1947-ல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஒரு தேவைக் குறிப்பில் அதன் பிறப்பு இருக்கிறது: 10,000 ராத்தல் எடையுள்ள ஒற்றைக் குண்டை 1,500 கடல் மைல் தூரத்திலுள்ள இலக்குக்கு, 500 நாட் வேகத்தில், 50,000 அடி உயரத்தில் கொண்டுபோக வேண்டும். குண்டு என்பது இங்கே அணுகுண்டு. வல்கனின் பெரிய முக்கோணச் சிறகு, பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகு என்று சொல்கிற அந்தச் சிறகு, இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட பதில். முதல் வருஷங்களில் அதற்குப் பூசிய பளீர் வெள்ளையும் அலங்காரமல்ல. தான் போட்ட குண்டின் வெளிச்சமே தன்னைப் பொசுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதைவிட இறுக்கமாக உள்ளடக்கம் உருவத்தை நிர்ணயித்த படைப்பு ஒன்றை எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்கிற குறிப்பிட்ட விமானத்தின் எண் எக்ஸ்ஹெச் 558. 1960-ல் படையில் சேர்ந்தது. பிற்பாடு கடலைக் கண்காணிக்கும் ராடார் விமானமாக, 1982-ல் நடுவானில் எண்ணெய் ஊட்டும் விமானமாக, அதன் பின் வெறும் காட்சிப் பொருளாக 1992 வரை பறந்தது. அடுத்த வருஷம் ஒரு குடும்ப நிறுவனம் அதை வாங்கி, லெஸ்டர்ஷையரில் ப்ரண்டிங்தார்ப் என்ற பழைய விமானத்தளத்தில் நிறுத்தியது. ராபர்ட் ப்ளெமிங் தலைமையிலான ஓர் அறக்கட்டளை அதைப் பறக்க வைக்கக் கிளம்பியது. 2003-ல் லாட்டரிப் பணத்திலிருந்து பாரம்பரியத்துக்கென்று ஒதுக்கும் நிதியில் சுமார் 27 லட்சம் பவுண்டு கிடைத்தது, போதவில்லை. 2006-ல் சர் ஜாக் ஹேவர்ட் 5 லட்சம் பவுண்டு கொடுத்துக் காப்பாற்றினார். மீதி பொதுமக்கள் கொடுத்தது. 2007 அக்டோபர் 18 அன்று அது மேலே எழுந்தது.

கட்டிடங்களைப் புதுப்பிப்பதற்கு எதிராக வில்லியம் மாரிஸ் 1877-ல் ஒரு சங்கமே ஆரம்பித்தார். புதுப்பிப்பவன் காலத்தின் தடயத்தை அழித்து அந்த இடத்தில் தன் யூகத்தை வைக்கிறான் என்பது அவர் கட்சி. பழுது பார், புதுப்பிக்காதே. விமானத்துக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்துகிறது. மியூசியத்தில் நிற்கும் வல்கன் தன் உலோகத்தையெல்லாம் வைத்துக்கொண்டு பறப்பதை இழந்திருக்கிறது. பறக்கும் வல்கனோ பறப்பதற்காக உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. எது அசல் என்ற கேள்வியைத் தத்துவ மாணவர்களுக்கு விட்டுவிடலாம். புதுப்பித்தபோது அதற்கு வெள்ளை பூசாமல் பச்சையும் சாம்பலுமான மறைப்பு வர்ணம் பூசினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். சோவியத் ஏவுகணைகளுக்குப் பயந்து தாழப் பறக்கத் தொடங்கிய காலத்து வர்ணம் அது. வெள்ளை பூசியிருந்தால், ஏன் வெள்ளை என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்டிருக்கும்.

எனக்கு நெருக்கமான விஷயம் காகிதம். வங்கியில் ஒருவர் பதிவு செய்வதை இன்னொருவர் ஒப்புதல் தராமல் ஒரு ரூபாய் நகராது. மாலையில் கணக்கு நேராகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. இந்தச் சள்ளையில் பத்து வருஷத்துக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், அந்த விமானத்தின் பொறியாளர்களிடம் எனக்கு ஒரு தொழில் பாசம் உண்டு. கைமாறும் ஒவ்வொரு உறுப்புக்கும் சீட்டு வேண்டும். எங்கே செய்தது, எத்தனை மணி ஓடியது, யார் சோதித்தது. இதற்கும் மேலே, இத்தனை சிக்கலான ராணுவ விமானத்தைத் தனியார் பறக்க வைக்க வேண்டுமானால் அதை வடிவமைத்தவர்களின் வாரிசு நிறுவனங்கள் பின்னால் நின்று பொறுப்பேற்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் விதி. ஆவ்ரோவின் வாரிசாக பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், ஒலிம்பஸ் இஞ்சின்களுக்கு ரோல்ஸ்-ராய்ஸ், மேற்பார்வைக்கு மார்ஷல் ஏரோஸ்பேஸ். செத்துப்போன ஆசிரியனின் பிரதிக்கு அவன் பேரன்கள் வந்து, இதில் பிழையில்லை என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவதைப் போல. மீட்கப்பட்டது விமானம் என்பதைவிட அதற்கான பொறுப்பு என்று சொல்வது சரியாக இருக்கும்.

ஆனால் பொறுப்பு எதற்கு? மேலே போனது கீழே விழாது என்பதற்கு மட்டும். சிறகின் எலும்பில் முடியளவு விரிசலைத் தேட ஒரு பத்தி இருக்கிறது. அந்தச் சிறகு எதைச் சுமக்கப் பிறந்தது என்பதற்குப் பத்தி இல்லை. இருக்க நியாயமும் இல்லை, அது பொறியாளன் வேலையல்ல. விமர்சகன் வேலை.

(காகிதத்தின் மீது எனக்கு மூட நம்பிக்கை கிடையாது. 2012 மே மாதம் டான்காஸ்டரில் இந்த விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது ஓர் இஞ்சின் சிலிக்கா ஜெல் பையை விழுங்கிச் சிதற, சிதறியது பக்கத்து இஞ்சினுக்குள் போக, இரண்டும் நாசமாயின. ஈரம் அண்டாமல் பாதுகாக்க வைத்த பை.)

இனி ஒலி. வல்கனின் இஞ்சின்களை ஏறத்தாழ 90 சதவிகித விசைக்கு உயர்த்தும்போது காற்று நுழையும் வாய்களிலிருந்து ஓர் ஊளை கிளம்புகிறது. யாரும் திட்டமிட்டதல்ல, தேவைக் குறிப்பில் இல்லாத உபரி. கூட்டம் வந்தது பெரும்பாலும் இதற்காகத்தான். படங்களில் பார்க்கலாம், தலை நரைத்தவர்கள் வாய்விட்டு அழுகிறார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்ட எனக்கும் முதுகு சிலிர்த்தது. பயனற்ற இந்த உபரியில்தான் கலை தொடங்குகிறது என்று நம்மில் ஒருவர் நிச்சயம் எழுதுவார்.

அவர் ஒன்றை யோசிக்க வேண்டும். 50,000 அடி உயரத்தில் வரும் விமானத்தின் ஊளை இலக்கில் இருப்பவனுக்குக் கேட்டிருக்காது. அது கேட்டிருக்கக்கூடியது புறப்படும் இடத்தில் மட்டும்: வாடிங்டன், ஸ்காம்ப்டன் என்று லிங்கன்ஷையர் வயல்களுக்கு நடுவே இருந்த தளங்களின் பக்கத்துக் கிராமங்களில். எதிரி ஏவுகணை வருவது உறுதியானதிலிருந்து அது விழும் வரை நாலே நிமிஷ எச்சரிக்கை என்ற கணக்கில்தான் அந்த விமானங்கள் ஓடுபாதை ஓரத்தில் காத்திருந்தன. நாலும் ஒன்றாக ஊளையிட்டுக் கிளம்பும் நாளில், கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கு மிச்சமிருக்கும் ஆயுள் அவ்வளவுதான். பயிற்சிக்காகப் பலமுறை அப்படிக் கிளம்பின. ஒவ்வொரு தடவையும் இது பயிற்சிதானா என்பது கேட்பவனுக்குத் தெரியாது. 2007-க்குப் பிறகு மைதானத்தில் நின்று அழுதவனும் கேட்டது அதே ஒலியை. ஒரு சுரம்கூட மாறவில்லை. மரண அறிவிப்பாக இருந்தது அவனுக்கு இளமையின் பாட்டாக இருக்கிறது. அந்த நாள் வராமல் போனதே இந்த ரசனைக்கு முதல் நிபந்தனை என்பதை அவன் மறந்துவிட்டான், அல்லது மறக்க உதவி செய்யப்பட்டான். மரினெட்டியும் 1909-ல் இயந்திர வேகத்தைக் கொண்டாடினார், ஆனால் யுத்தத்தையும் சேர்த்துக் கொண்டாடினார். அருவருப்பானது, ஆனாலும் முழுசானது. இந்த அழுகையில் பாதி மட்டுமே இருக்கிறது.

பிரித்து வைத்த பாதி எங்கே போகிறது? 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹாம் விமானக் காட்சியில் வேறொரு பழைய ராணுவ ஜெட், 1955-ல் செய்த ஹாக்கர் ஹண்டர், வானில் வட்டமடித்து இறங்க உயரம் போதாமல் ஏ27 சாலையில் விழுந்தது. 11 பேர் செத்தார்கள். செத்தவர்கள் மைதானத்துக்கு உள்ளே இருந்தவர்கள் அல்ல, வெளியே சாலையில் இருந்தவர்கள். யுத்தத்துக்காகச் செய்த வேகமும் எடையும் எண்ணெயும், யுத்தம் போன பின்னும் அப்படியே இருந்தன என்பதற்கு மேல் இதில் தத்துவம் தேட எனக்கு மனமில்லை. பழைய ஜெட்டுகள் தரைக்கு மேல் வித்தை காட்டக் கூடாது, நேராகப் பறந்து போகலாம் என்று உடனே கட்டுப்பாடு வந்தது.

வல்கன் நின்றதற்குக் காரணம் அதுவல்ல. அதற்கு முன்பே, அந்த மே மாதத்திலேயே, மூன்று நிறுவனங்களும் அந்தப் பருவத்தோடு பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டன. வேறெந்த வல்கனும் பறந்திராத அளவுக்கு, பத்து சதவிகிதத்துக்கும் மேல் கூடுதலான மணி நேரம் அது பறந்திருந்தது. அதை நேரில் அறிந்த பொறியாளர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஏடுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. கையெழுத்துப் போட ஆளில்லை. 2015 அக்டோபர் 28 அன்று எக்ஸ்ஹெச் 558 டான்காஸ்டரிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில் அங்கேயே இறங்கியது. 2022 நவம்பரில் அந்த விமான நிலையத்திலும் போக்குவரத்து நின்றுபோயிற்று.