வராத எதிரியை வென்றவர்கள்

சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார்? இதை வெட்டிப்பேச்சு என்று தள்ளுபவர்கள் அந்த வாதத்தைக் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள். சரியாக நடந்தால் அதில் கோர்ட்டுக்குரிய கறார் இருக்கும். எந்தக் கதையில், எந்த ஆண்டில், என்ன செய்தார் என்று சான்று காட்ட வேண்டும். 1938-இல் அறிமுகமான சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். ஆகவே எந்த சூப்பர்மேன் என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு இரும்புக்கை மாயாவியே போதும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் கொண்டுவந்த நாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் மிதக்கும். எதிராளி அந்தக் கையைக் குறிவைத்தால் போதும். கரண்ட் போன ஊரில் சந்தித்தால் அதுகூட வேண்டியதில்லை. பலத்தை அதன் நிபந்தனையோடு சேர்த்துப் பார்க்க வைப்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய லாபம்.

எண்கள் வந்ததும் சோம்பலும் வருகிறது. மார்வெல் நிறுவனம் 1983-இல் வெளியிடத் தொடங்கிய கையேடு, நாயகர்களின் பலத்தை டன் கணக்கில் வகுத்தது. 100 டன்னுக்கு மேல் தூக்குபவர்கள் எல்லாம் ஒரே வகுப்பு. அந்த உச்சிக்குப் போனபின் யார் பெரியவர் என்று சொல்ல அட்டவணையிடம் எதுவும் இல்லை. 1996-இல் டிசியும் மார்வெலும் சேர்ந்து நடத்திய மோதல் தொடர் இன்னும் மோசம். அதில் ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர் ஓட்டே தீர்மானித்தது. மார்வெலின் எக்ஸ்-மென் குழுவைச் சேர்ந்த ஸ்டார்ம், டிசியின் வொண்டர் வுமனை வென்றார். விழுந்தது பலத்துக்கான ஓட்டா, எக்ஸ்-மென் மோகத்துக்கான ஓட்டா?

எல்லாவற்றிலும் வழுக்கலான வாதம் சங்கிலிக் கணக்கு: அவனை இவன் அடித்தான், இவனை இன்னொருவன் அடித்தான், ஆகவே இன்னொருவனே பெரியவன். இதைச் சோதித்துப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. மணிமங்கலம். வட இந்தியாவின் ஹர்ஷரை நர்மதையில் தடுத்தவர் சளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி. அந்தப் புலிகேசியை மணிமங்கலத்தில் முறியடித்தவர் நரசிம்மவர்மப் பல்லவர். 642-இல் புலிகேசியின் தலைநகரான வாதாபியும் வீழ்ந்தது. அப்படியானால் ஹர்ஷரைவிட நரசிம்மர் பலசாலியா? நர்மதையில் புலிகேசி தன் எல்லையைக் காத்து நின்றார். மணிமங்கலத்திலோ தலைநகரை விட்டு வெகுதூரம் வந்திருந்தார். பல்லவர் பக்கம் இலங்கையின் மானவர்மனும் துணை நின்றான். முன்பு நரசிம்மரின் தந்தை மகேந்திரரைக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்க வைத்ததும் இதே புலிகேசிதான் என்கிறது 634-ஆம் ஆண்டின் ஐஹொளெ கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டைப் பாடியவர் புலிகேசியின் அவைப்புலவர் ரவிகீர்த்தி. மணிமங்கல வெற்றியைச் சொல்லும் கூரம் செப்பேடு பல்லவருடையது. வீட்டுச் சாட்சிகள். ஆனால் ஹர்ஷரால் புலிகேசியை அடக்க முடியவில்லை என்பதை ஹர்ஷரிடமே விருந்தாளியாக இருந்த சீனத் துறவி யுவான் சுவாங்கும் எழுதியிருக்கிறார். அந்தச் சாட்சிக்கு எடை அதிகம். காமிக்ஸ் வாதத்திலும் இந்த விதி வேண்டும்: ஒரு நாயகனின் சாதனையை அவன் சொந்தப் பதிப்பகம் மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான்.

நடக்காத சண்டைக்கும் மணிமங்கலத்தில் ஆவணம் உண்டு. இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சளுக்கிய மன்னன் ஆகவமல்லன், ஆறுகள் சேரும் கூடல் என்ற இடத்தில் போருக்கு வரும்படி ஓலை அனுப்பினானாம். பயந்து வராதவன் அரசனே அல்ல என்றும் எழுதினானாம். சோழன் போய், குறித்த நாளைத் தாண்டி ஒரு மாதம் காத்திருந்தான். அழைத்தவன் வரவில்லை. ஓடி மேலைக்கடலில் ஒளிந்தான் என்று கல்வெட்டு முடித்துவிடுகிறது. சளுக்கிய அவையின் பில்ஹணர் வேறு கதை சொல்கிறார்: ஆகவமல்லன் கடும் காய்ச்சலில் கிடந்து, துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டான். அது 1068.

‘மோதல் நடக்கவில்லை’ என்பதே இங்கே நேர்மையான தீர்ப்பு. முன்பு அதே கூடலில் சோழன் வென்றதை வைத்து, வந்திருந்தாலும் ஆகவமல்லன் தோற்றிருப்பான் என்று வாதாட இடமுண்டுதான். அப்படி வாதாடுபவர், தோற்ற இடத்தையே அவன் ஏன் மறுபடி தேர்ந்தெடுத்தான் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.