செவ்வந்தி மட்டும் மஞ்சளாக இருந்தால் போதுமா?

படம் முழுவதையும் கருப்பு-வெள்ளையாக்கி, ஒரே ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைக்கும் 'செலக்டிவ் கலர்' ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்களில் சக்கைப்போடு போட்டது. மணப்பெண்ணின் கூரைப்புடவை மட்டும் சிவப்பு. மாப்பிள்ளை உட்பட மற்றதெல்லாம் சாம்பல். இன்று போனிலேயே செய்துவிடலாம். ஸ்னாப்சீட், லைட்ரூம் மொபைல் இரண்டிலும் ஒரே படத்தை எடிட் செய்து பார்த்தேன். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் எடுத்த படம்: பூக்கார அம்மா, முன்னால் மஞ்சள் செவ்வந்திக் குவியல், பக்கத்தில் மல்லிகை, பின்னால் நீலத் தார்ப்பாய்.

லைட்ரூம்: கலர் மிக்ஸ் பகுதியில் சிவப்பு முதல் மெஜந்தா வரை 8 நிறங்கள். மஞ்சளை விட்டுவிட்டு மற்ற ஏழின் சாச்சுரேஷனையும் -100க்கு இறக்கினால் வேலை முடிந்தது. ஜூம் செய்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. இந்த ஸ்லைடர்களுக்கு நிறம்தான் தெரியும். பூவா, விரலா என்று தெரியாது. நம் தோலின் நிறம் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் பக்கத்திலேயே இருப்பதால், அந்த அம்மாவின் விரல்கள் காமாலை வந்ததுபோல் திட்டுத்திட்டாக மஞ்சளித்தன. இதழ்களின் நிழல் பகுதியோ ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து, நிறம் இழந்துவிட்டது. ஆரஞ்சை மீட்டால் பூ தேறுகிறது. கூடவே முகத்துக்கும் நிறம் ஏறுகிறது.

ஸ்னாப்சீட்: இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. கருப்பு-வெள்ளை ஃபில்டரைப் போட்டு, மாஸ்க் பிரஷ்ஷால் எங்கே நிறம் வேண்டும் என்று நாமே தடவிக் காட்டலாம். விரல் தப்பிக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். எவ்வளவு கவனமாகத் தடவினாலும் இதழோரத்தில் மெல்லிய மஞ்சள் கசிவு தங்கிவிடுகிறது. காரணம் ஆப் மட்டுமல்ல. போன் சேமிக்கும் ஜேபெக் கோப்பு பொதுவாக வெளிச்ச விவரத்தை முழுதாகவும், நிற விவரத்தைக் குறைத்தும் வைக்கிறது. முழு வண்ணப் படத்தில் கண்ணில் படாத இந்தச் சிக்கனம், பக்கத்தில் சாம்பல் வந்ததும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு ஆப்பிலும் அடிவாங்கியது மல்லிகைதான். வெள்ளையில் விட்டுவைக்க நிறமே இல்லை. பச்சைக் காம்பும் நீலத் தார்ப்பாயும் இருந்தவரை பளிச்சென்று தெரிந்த பூ, அவை சாம்பலானதும் கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டது.

பிறகு லைட்ரூமில் முழு வண்ணத்துக்கே திரும்பினேன். நீலத்தின் சாச்சுரேஷன் -40, பச்சை -20, மஞ்சளின் லூமினன்ஸ் +15. அவ்வளவுதான். தார்ப்பாய் அடங்கியது, கண் நேராகச் செவ்வந்திக்குப் போகிறது, மல்லிகையும் வெள்ளையாகவே இருக்கிறது. செலக்டிவ் கலரிடம் எதிர்பார்த்த வேலையை மூன்று ஸ்லைடர்கள் சத்தமில்லாமல் செய்துவிட்டன.

அதற்காக அந்த உத்தியே வீண் என்று தள்ளிவிட முடியாது. 1993இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' கருப்பு-வெள்ளைப் படம். அதில் ஒரு சிறுமியின் கோட்டு மட்டும் சிவப்பு. அதே கோட்டைப் பின்னால் பிணங்களுக்கு நடுவே பார்க்கும்போது அவள்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே நிறத்துக்குக் கதையில் வேலை இருந்தது.

ஆகவே, ஒரே பொருளில் மட்டும் அழுத்தமான நிறம், அருகில் முகமோ கையோ இல்லை என்றால் செலக்டிவ் கலரை முயலலாம்; அதற்கு ஸ்னாப்சீட் போதும். மனிதர்கள் இருக்கும் படமா? லைட்ரூமின் கலர் மிக்ஸைத் திறந்து, போட்டிக்கு வரும் நிறத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.